அலுவலக ஜன்னலுக்குப் பயப்படாதீர்கள்

கல்லூரி திறக்கும் வாரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே அறிவுரைதான்: "நல்லா படி, கண்ட பசங்களோட சேராத." நல்ல அறிவுரைதான். ஆனால் போனஃபைடு சான்றிதழுக்கு யாரிடம் எழுதிக் கொடுப்பது, ஸ்காலர்ஷிப் வரவில்லை என்றால் எந்த ஜன்னலில் கேட்பது, விடுதியில் சீனியர் தொல்லை கொடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அப்பாவோ அக்காவோ கல்லூரி பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த விவரமெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படித்து முடிக்கும்போது இந்த இரண்டு பேருக்கும் நடுவே தெரிகிற தூரத்தைப் புத்திசாலித்தனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பாதிக்கு மேல் அது விவரம் தெரிந்ததன், தெரியாததன் கணக்கு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவருக்கான உதவிகள் குறைவு என்று சொல்ல முடியாது. உதவித்தொகை, விடுதி, மனநல ஆலோசனை, புகார்க் குழு, வேலைவாய்ப்புப் பிரிவு எல்லாமே காகிதத்தில் இருக்கின்றன. பாதி நிஜமாகவும் இருக்கின்றன. எதுவும் உங்களைத் தேடி வராது என்பதுதான் சங்கதி. நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். சீக்கிரம் கேட்க வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும்.

இனிஷியலில் சிக்கும் பணம்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கார்த்திக் எஸ். ஆதாரில் கார்த்திக் செல்வம். பேங்க் பாஸ்புக்கில் எஸ். கார்த்திக். ஊருக்கு இது ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொண்டு நாம் நிம்மதியாக வாழ்ந்துவிடுகிறோம். உதவித்தொகை விண்ணப்பம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும்போதுதான் வினை தெரிகிறது. பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதாரைத் திருத்துவது அவ்வளவு கடினமல்ல. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். முதல் செமஸ்டர் முடிவதற்குள் இதை முடித்துவிட்டால் பிறகு பாஸ்போர்ட், கம்பெனி சரிபார்ப்பு எல்லாவற்றிலும் தலைவலி குறையும்.

அடுத்தது பேங்க் கணக்கு. பேங்கில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் அப்படிப் பதிவாகும். புதிதாக இன்னொரு பேங்கில் பதிந்தால் பணம் அங்கே போய்விடும். பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டிருந்தால் அது செயலற்றதாகியிருக்கலாம், பணம் திரும்பிவிடலாம். "எனக்கு மட்டும் வரல மேடம்" என்று அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன், ஆதார் தளத்தில் எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கூடவே, உயர்கல்வி மாணவர் விவரங்களுக்கான அரசின் யூமிஸ் தளத்தில் கல்லூரி ஏற்றியிருக்கும் உங்கள் விவரங்களைச் சரிபாருங்கள். பிறந்த தேதியில் ஓர் எண் தவறினாலும் வருடம் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

அசல் சான்றிதழ்கள் பற்றி ஒரு சொல். அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நடைமுறையில் பல கல்லூரிகள் வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுகின்றன. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டின் ஜெராக்ஸும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

எந்தப் பணம், எந்த வழி

வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை தரும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்கு இதைக் காட்டிக் கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. அப்படிப் பொறியியலில் இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. அந்த வழியில் வந்த பிள்ளையிடம் ஏதேதோ பெயர் சொல்லிக் கல்லூரி தொகை கேட்டால், எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இந்த இரண்டிலும் சேர்வார்கள். புதுமைப் பெண் பணம் வாங்கினால் மற்ற ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் என்று ஒரு வதந்தி ஹாஸ்டல்களில் சுற்றும். அப்படி ஒன்றும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு உண்டு, கடைசித் தேதியும் உண்டு. புதுப்பிக்க மறந்து இரண்டாம் ஆண்டில் அதைக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்.

கல்விக் கடனைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயந்து ஒதுங்க வேண்டாம். 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போடத் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பது முறையல்ல. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும், இதை மேனேஜர்கள் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் தவணை இல்லாத அந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டா என்று கேளுங்கள். "உங்க ஏரியா எங்க கிளைக்குள்ள வராது" என்று வாயால் சொல்லி அனுப்பினால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்த எண் கையில் இருந்தால் பேச்சின் தோரணையே மாறும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கல்லூரியில் முதல்வரைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார்: உங்கள் துறையின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவு எழுத்தர். நூற்றுக்கணக்கான மாணவருக்கு ஒரே ஆள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவரிடம் எரிச்சல் இருப்பது இயல்பு. அதை உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பரீட்சைக் கட்டணக் கடைசி நாளில் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் போகாதீர்கள். காலை பதினொன்று வாக்கில், காகிதங்களை வரிசையாக அடுக்கி, பதிவு எண்ணை முதலில் சொல்லி, கேள்வியை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். "அண்ணே", "அக்கா", "சார்", "மேடம்", அந்த அலுவலகத்தில் எது ஓடுகிறதோ அதைச் சொல்லுங்கள். கும்பலாகப் போகாதீர்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் வேலையும் நடக்காது.

கோரிக்கை சிறியதோ பெரியதோ, எழுதிக் கொடுங்கள். அனுப்புநர், பெறுநர், வழி என்று துறைத் தலைவர், பொருள் ஒரு வரி. பிறகு நான்கு வரிகளில்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதற்காக, எந்தத் தேதிக்குள். முடிந்தது. "தாழ்மையுடன் பணிந்து வேண்டி" என்று பாதிப் பக்கம் ஓட்டுவதால் எந்தக் கோப்பும் வேகமாக நகர்ந்ததில்லை. முக்கியமானது இதுதான்: இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் அதையே படமெடுத்து அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். "போன மாசமே வாய்ல சொன்னேன் சார்" என்பதற்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்பில்லை. தேதியிட்ட நகலுக்கு மதிப்பு உண்டு. பின்னால் வேலைக்குப் போகும்போது எச்.ஆர். பிரிவோடு மல்லுக்கட்டவும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்களில் இதை முதலாவதாக வைப்பேன்.

வகுப்பு ஆசிரியர், மென்டர், டியூட்டர், பெயர் எதுவானாலும் உங்கள் பெயருக்கு எதிரே ஓர் ஆசிரியர் இருப்பார். மாதம் ஒருமுறை பிரச்சினை இல்லாத நாளிலும் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். வருகைப் பதிவு குறைந்து, கண்ணீரோடு முதல்முறை அவர் முன்னால் நிற்கும்போது அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டாமா? அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 விழுக்காடு வருகை வேண்டும். உடல்நலக் காரணத்துக்காக 65 வரை சலுகை கேட்கலாம். அந்தச் சலுகைக்கான மருத்துவச் சான்றிதழைக் காய்ச்சல் விட்டு வகுப்புக்கு வந்த அன்றே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் அது சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும், அதில் நியாயமும் உண்டு.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடம் தலைக்கு மேல் போவது உங்கள் மூளையின் குறை அல்ல. சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழிலேயே விளக்குவார்கள். விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகி, வாரம் ஒருமுறை யாரிடமாவது காட்டித் திருத்துங்கள். இன்டர்னல் மார்க்கை அலட்சியம் செய்யாதீர்கள். அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு நூற்றுக்கு நாற்பது அங்கேயே தீர்மானமாகிறது. அரியர் விழுந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள், பிறகு மறுமதிப்பீடு பற்றி யோசிக்கலாம். நகலைப் பார்த்தாலே எங்கே சறுக்கினோம் என்பது தெரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதித் தர ஓர் ஆளும் உண்டு. ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் தாமதம். செமஸ்டர் தொடக்கத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

தொல்லை வந்தால்

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009-ல் யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் விதிகள் கொண்டுவந்தது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிட 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. "சும்மா விளையாட்டுக்கு", "பழகுறதுக்குத்தான்" என்று சீனியர்கள் சொல்வதைச் சட்டம் ஒரு சமாதானமாக ஏற்பதில்லை. அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். 2013 சட்டமும் 2015 யு.ஜி.சி. விதிகளும் அதற்கு அடிப்படை. மாணவர் தொடர்பான விவகாரம் என்றால் மாணவர்களும் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் கொடுப்பவர் தம் போனில் உள்ள செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும், என்ன நடந்தது என்பதை அன்றைக்கே தேதி, நேரம், இடத்தோடு எழுதி வைப்பதும் மிக உதவும். வார்டனிடமோ துறைத் தலைவரிடமோ சொல்லி அவர் "பேசித் தீர்த்துக்கலாம்" என்றால், அத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நேராகக் குழுவுக்கு எழுதலாம்.

கட்டணம், மதிப்பெண், சான்றிதழ் மறுப்பு, சாதியப் பாகுபாடு போன்றவற்றுக்கு 2023 யு.ஜி.சி. விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பல இடங்களில் இந்தக் குழுக்கள் வரவேற்பறைப் பலகையில் பெயர்களாக மட்டுமே வாழ்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் எண் போட்ட ஒரு புகார் உள்ளே போய்விட்டால், தூங்குகிற குழுவும் கூட்டம் போட்டே ஆக வேண்டும். நாள்கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது.

மனசு சரியில்லை என்பதை நம் வீடுகளில் இன்னும் சோம்பேறித்தனம் என்றே படிக்கிறார்கள். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே, நான் பேசுவது யாருக்குப் போகும் என்று கேட்டுவிடுங்கள், அது உங்கள் உரிமை. இல்லையென்றால் 14416 எண்ணில் டெலி மானஸ் சேவை தமிழில், எந்நேரமும், இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் நான்கு நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை, போர்வையை விட்டு எழவில்லை என்றால் கிண்டலை நிறுத்திவிட்டு அவனோடு உட்காருங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துகொடுக்கவும் வேண்டாம்.

மெஸ், சங்கம், பிளேஸ்மென்ட்

விடுதியில் மெஸ் கணக்கு டிவைடிங் முறையில் ஓடினால் மாதச் செலவு தலைக்கு வகுக்கப்படும். ஊருக்குப் போகும் நாட்களுக்கு மெஸ் குறைப்பு உண்டா, எத்தனை நாள் முன்னால் எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். மெஸ் கமிட்டியில் சேர ஆள் கேட்டால் கை தூக்குங்கள். காய்கறி பில், மளிகைக் கணக்கு, நூறு பேரின் வசவு மூன்றையும் ஒரே மாதத்தில் சமாளித்தவனுக்கு நேர்முகத் தேர்வில் சொல்ல நிஜமாகவே ஒரு கதை இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-லிருந்து நடக்கிறது: ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். சான்றிதழுக்காக மட்டும் சேர்கிறவர்கள் உண்டு, பரவாயில்லை, முகாமில் அவர்களும் கொஞ்சம் மாறித்தான் வருகிறார்கள். எட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதைவிட ஒன்றில் பொருளாளராக இருப்பது மேல். சென்னையில் படித்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் படித்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உங்களுடையவை.

வேலைவாய்ப்புப் பிரிவு வேலை வாங்கித் தரும் இடம் என்ற நினைப்பில்தான் பலர் மூன்றாம் ஆண்டுவரை அந்தப் பக்கம் போவதில்லை. கம்பெனியை வளாகத்துக்குக் கூட்டிவருவது வரைதான் அவர்கள் வேலை. முதல் சல்லடையே, நிலுவை அரியர் கூடாது, பத்தாம் வகுப்பிலிருந்து 60 விழுக்காடு என்று கம்பெனி போடும் நிபந்தனைதான். அதை இரண்டாம் ஆண்டிலேயே போய் விசாரித்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். ஒரு வேலை கிடைத்தால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடுவார்களா, சேர்ந்த பின் பாண்டு உண்டா என்றும் கேளுங்கள். நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் கல்லூரி வழியாகவே வருகின்றன. பெயருக்கு வீடியோவை ஓடவிட்டு அடுத்த ஜன்னலில் ரீல்ஸ் பார்ப்பது உங்கள் விருப்பம். காசு கொடுத்து இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்காதீர்கள். "என்ன செய்தாய்" என்ற இரண்டாவது கேள்வியில் அது கிழிந்துவிடும். வேலைக்கு முன்பணம் கேட்கிற எந்தக் கம்பெனியும் கம்பெனி அல்ல.

கிளம்பும்போது

கடைசி செமஸ்டரில் நோ டியூஸ் படிவத்தைப் பரீட்சைக்கு முன்பே வாங்கி, நூலகம், ஆய்வகம், விடுதி, உடற்கல்வித் துறை என்று கையெழுத்துகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். டி.சி., தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் மூன்றையும் வாங்கிய அன்றே பெயரில், இனிஷியலில், பிறந்த தேதியில் பிழை இருக்கிறதா என்று ஜன்னல் முன்னால் நின்றே பாருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடலாம். பிறகு துபாயிலிருந்து தம்பியை அலைய விட வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம். சேரும்போது கட்டிய ரசீதைத் தேடி எடுங்கள். அதில் காப்புத்தொகை என்று ஒரு வரி இருக்கும். நூலகத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என இரண்டும் இருக்கலாம். அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். பெரும்பாலோர் கேட்பதில்லை, கல்லூரிகளும் நினைவூட்டுவதில்லை. ரசீது நகல், நோ டியூஸ் நகல், பேங்க் கணக்கு எண் மூன்றையும் இணைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு நகல்.